நிரம்பாத செப்டிக் டேங்க்: குப்பனூர் வழியில் ஒரு வீட்டுக் கிணற்றின் கதை

எங்கள் ஊர்ப் பக்கம் புது ஆள் யாராவது வீட்டுக்கு வந்தால் சொல்லிப் பெருமைப்படும் சங்கதிகளில் செப்டிக் டேங்கும் ஒன்று. "கட்டி இத்தனை வருஷமாச்சுங்க, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல" என்பார் அப்பா. 1998இல் வீடு கட்டியபோது அவரே கூட நின்று வெட்ட வைத்த குழி அது. அவர் போன பிறகு அம்மாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 2024 டிசம்பர் வரைக்கும் நானும் அதை நல்ல செய்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

வீடு சேலத்துக்குப் பக்கத்தில், அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் போகும் வழியில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அம்மா, தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் பையன் என்று நான்கு பேர். சனி, ஞாயிறு நானும் சேர்ந்துகொள்வேன். குடிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஞ்சாயத்துக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் கிணறு. குழாய் வராத நாளில் குடிப்பதற்கும் கிணறுதான்.

கிணறு தாத்தா வெட்டியது. 12 அடி விட்டம், 45 அடி ஆழம். மேலே 15 அடிக்குக் கருங்கல் கட்டு, அதற்குக் கீழே வெறும் பாறை. கோடையில் தண்ணீர் 32 அடிக்குப் போய்விடும். தரையில் வைத்த மோனோபிளாக் மோட்டார் நடைமுறையில் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே 15 அடி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி, மோட்டாரை அதில் உட்கார வைத்திருந்தார் அப்பா. இந்தப் பக்கத்தில் பாதிக் கிணறுகளில் இதே ஏற்பாடுதான்.

மூன்று பேர் வந்து போனார்கள்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளும் சேலத்திலும் ஏற்காட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து 7 அடிக்கு ஏறியது. மோட்டார் 8 அடித் தண்ணீருக்கு அடியில்.

முதலில் வந்தவர் மோட்டார் மெக்கானிக். மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கினார், ரீவைண்டிங் செய்தார், இனிமேல் முழுகாது என்று கிணற்று மேட்டில் வைத்தார், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைப் புதிதாகப் போட்டார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து டாய்லெட் தகராறு. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்று, அப்புறம் 'குளுக் குளுக்' என்று குமிழி விட்டுக்கொண்டு மெதுவாகப் போகும். டவுனிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். ஆசிட் ஊற்றினார், வளைகம்பி விட்டுக் குத்தினார். அடைப்பு போய்விட்டது என்றார். மூன்று நாள் நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தண்ணீரில் வாடை. கடுமையான நாற்றம் என்று சொல்ல முடியாது. குடத்தில் பிடித்து வைத்து, ராத்திரி மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும், அவ்வளவுதான். "தண்ணி ஒரு மாதிரி இருக்குடா" என்றார் அம்மா போனில். மாப்பிள்ளை யாரையோ கேட்டு ஒரு ஃபில்டர் கடைக்காரரை வரவழைத்தார். தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இரும்புச் சத்து அதிகம் என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார் அவர்.

இந்த மூவரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மோட்டார்காரர் மோட்டாரைப் பார்த்தார், பிளம்பர் குழாயைப் பார்த்தார், ஃபில்டர்காரர் டம்ளரைப் பார்த்தார். கிணறு ஒரு வேலை, டாய்லெட் வேறு வேலை என்று நாங்களும்தானே தனித்தனியாகக் கூப்பிட்டோம்? டவுனில் அப்படிக் கூப்பிடலாம். தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வந்து சாக்கடையில் போய்விடுகிறது, நடுவில் நடப்பது மட்டும்தான் நம் கவலை. கிராமத்து வீட்டில் தண்ணீர் வருகிற இடமும் போகிற இடமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன.

அம்மா சொன்ன ஒரு வார்த்தை

நான்காவதாக வந்தவர் வீராணம் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு பிளம்பர். ஐம்பது வயது இருக்கும். ஒரு டிவிஎஸ் 50, பின்னால் ஒரு சாக்குப் பை. அம்மா அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. வீட்டை ஒரு சுற்று சுற்றினார். கிணறு எது, டேங்க் எது, யார் வெட்டியது, மழைக்கு முன்னால் எப்படி இருந்தது, கோடையில் வாடை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். டேங்க் 26 வருஷமாக நிரம்பவில்லை என்று அம்மா வழக்கம்போலச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்புறம் அம்மா, காபி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "என்னமோ மேஸ்திரி, தென்னைக்கு மோட்டார் போட்டு வுட்ட அன்னிக்கு மட்டும் டாய்லெட் நல்லாப் போகுதுங்க."

மேஸ்திரி டம்ளரைத் திண்ணையில் வைத்தார். "அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க."

அந்த வார்த்தையை அம்மா என்னிடமும் முன்பே சொல்லியிருக்கிறார். நான் கேட்டுவிட்டு, சரி சரி என்று போனை வைத்திருக்கிறேன். கிணற்றில் மூன்று மணி நேரம் மோட்டார் ஓடினால் நாலைந்து அடி இறங்கும். கிணறு இறங்கும்போது டாய்லெட் குழியும் இறங்குகிறது என்றால், நடுவில் மண்ணுக்குள் வழி இருக்கிறது என்று அர்த்தம். அம்மா அதைக் கண்டுபிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்களுக்குத்தான் காதில் விழவில்லை.

கண்ணாடி, டேப்பு, கல்லுப்பு

அன்று பகல் 12 மணிக்கு, சூரியன் உச்சிக்கு வந்ததும், வீட்டில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். கிணற்று மேட்டில் நின்று வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கிணற்றுக்குள் விட்டார். டார்ச் அடித்தால் தண்ணீரில் பட்டுக் கூசும், சுவர் தெரியாது. கண்ணாடி வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்குச் சுவர்மேல் ஊர்ந்து போனது. வடக்குப் பக்கம், கிழக்குப் பக்கம் எல்லாம் பச்சைப் பாசி, காய்ந்த கல். பாத்ரூம் இருக்கும் மேற்குப் பக்கத்தில், தண்ணீருக்கு ஓரடி மேலே, இரண்டு கல்லுக்கு நடுவில், கைக்குட்டை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் வழவழப்பு. அதிலிருந்து ஒரு வேப்பங்கன்று வேறு எங்குமில்லாத செழிப்போடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊத்துக்கண்ணு இவ்வளவு மேல இருக்காது தம்பி" என்றார்.

அடுத்து டேப்பு. கிணற்று விளிம்பிலிருந்து குழியின் விளிம்புக்கு 31 அடி. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 2470, கழிவுநீரை மண்ணில் விடும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 59 அடி. எங்களிடம் இருந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். அந்த 18 மீட்டரும் மண் நன்றாக இருக்கிற இடத்துக்குத்தான். மணலும் மண்ணும் கிருமியை வடிகட்டும். பாறை வெடிப்பு வடிகட்டாது, குழாய் மாதிரி அப்படியே கடத்திவிடும். சேர்வராயன் மலையும் அடிவாரமும் சார்னோகைட், நைஸ் என்கிற கடினப் பாறை. தண்ணீர் இங்கே ஓடுவதே மேலே உதிர்ந்துபோன பாறையிலும் அதற்குக் கீழே இருக்கும் வெடிப்புகளிலும்தான்.

குழியின் மூடியைத் திறப்பதற்கு முன் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மாப்பிள்ளை எட்டிப் பார்க்கப் போனவரைக் கையைப் பிடித்து இழுத்தார். மூடியைத் தள்ளிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, மூங்கில் கழியை விட்டு அளந்தார். ஆழம் 10 அடி. அடியில் கான்கிரீட் இல்லை. பக்கச் சுவர் கலவை இல்லாமல் அடுக்கிய கருங்கல். அதாவது அது டேங்கே இல்லை. நம் ஊரில் செப்டிக் டேங்க் என்று பேர் வைத்துக் கட்டியிருப்பதில் எத்தனையோ இப்படித்தான்: அடியில்லாத குழி, மேலே ஒரு மூடி. ஒழுங்கான டேங்க் கட்டிய சில நாளிலேயே நிரம்பிவிடும், நிரம்பித்தான் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு தெளிந்த நீர் மறுபக்கம் வெளியே போகும், மண்டி அடியில் தங்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து அந்த மண்டியை எடுக்க வேண்டும். 26 வருஷமாக லாரியே வரவில்லை என்றால் அத்தனையும் எங்கே போனது?

கோடையில் கிணற்று மட்டம் 32 அடி, குழி 10 அடி. நடுவில் 22 அடி உயரத்துக்கு உலர்ந்த நிலம் இருந்தது. புயலுக்குப் பிறகு கிணற்று மட்டம் 7 அடி. குழியின் அடி 3 அடி நிலத்தடி நீருக்குள் உட்கார்ந்துவிட்டது. டாய்லெட் இறங்காததற்கும் தண்ணீர் வாடைக்கும் காரணம் இந்த ஒன்றுதான். ஆசிட்டுக்கு இதில் வேலையே இல்லை. மூன்று நாள் நன்றாக இருந்ததும், யோசித்துப் பார்த்தால், தென்னைக்குத் தண்ணீர் விட்ட நாட்கள்.

இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று நான் கொஞ்சம் முரண்டு பிடித்தேன். குழியை மாற்றுவது என்றால் செலவு சின்னது இல்லையே. அதற்கு அவர் சொன்ன வழி கல்லுப்பு. 10 கிலோ உப்பைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி குழியில் ஊற்றினோம். கிணற்றுத் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரில் தினமும் மூன்று வேளை, ஒரே இடத்தில் வாளி விட்டு எடுத்துப் பார்த்தோம். ஊற்றுவதற்கு முன் 680. மறுநாள் மாலை 700. மூன்றாம் நாள் காலை 760. மழை இல்லை, வேறு எதுவும் மாறவில்லை. நல்ல டேங்காக இருந்தால் இந்தச் சோதனை கூடாது, உப்பு உள்ளே இருக்கும் பாக்டீரியாவைக் கெடுக்கும். மூடப்போகிற குழி என்பதால் செய்தோம்.

கூடவே கிருமிச் சோதனைக் குப்பி. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்பார்கள், சின்ன பாட்டில், உள்ளே ஒரு காகிதத் துண்டு. தண்ணீரை நிரப்பி வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். எங்கள் பாட்டில் மறுநாள் காலையிலேயே கரிக்கட்டை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்த மாதிரியில் நைட்ரேட் லிட்டருக்கு 68 மி.கி. வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 45. அம்மா அதுவரை காய்ச்சித்தான் குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். பால் புட்டி குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப ஆபத்து. நைட்ரேட்டுக்கு டாய்லெட் குழி மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன், சுற்றிலும் யூரியா போடும் தோட்டம் இருக்கிறது.

செய்த வேலை

மோட்டார் தண்ணீர் எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் அது காற்று இழுத்தது. அதைச் சீக்கிரமே முடித்துவிட்டார். ஃபுட் வால்வு நன்றாகத்தான் இருந்தது. மேலே குழாயை இணைக்கும் யூனியன் ஜாயின்ட்டில் ரப்பர் வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. 20 ரூபாய் சாமான்.

புது டேங்க் எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சு. கிழக்கே காலி இடம் இருக்கிறது. ஆனால் அங்கே வைத்தால் பக்கத்தில் சித்தப்பா வீட்டுக் கிணற்றுக்கு 40 அடிதான். "நம்ம கிணத்த மட்டும் பாத்தா போதுமா?" என்றார் மேஸ்திரி. கடைசியில் வாசல் பக்கம், சரிவு இறங்கும் திசையில், எங்கள் கிணற்றிலிருந்து 80 அடி தள்ளி. டாய்லெட்டிலிருந்து 70 அடிக்கு 4 இன்ச் பைப் ஓட வேண்டும். 40 அடிக்கு ஓரடி வீதம் சரிவு கொடுத்தால் 21 இன்ச் இறக்கம். அதை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பார்த்து, ஒவ்வொரு 10 அடிக்கும் முளை அடித்து நூல் கட்டினார். திரும்புகிற இரண்டு இடத்திலும் எல்போ போடாமல் சேம்பர் கட்டச் சொன்னார், நாளைக்கு அடைத்தால் திறந்து பார்க்க வேண்டுமே.

டேங்க் கொத்தனார் வேலை. அளவு மட்டும் இவர் கொடுத்தார்: உள்பக்கம் 8 அடிக்கு 4 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி. நடுவில் தடுப்புச் சுவர், முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் பைப்பிலும் வெளியே போகும் பைப்பிலும் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி T வடிவத்தில் ஒரு 'டீ' இணைப்பு, மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாமல் இருக்க. காற்றுப் பைப் மொட்டை மாடிக்கு மேல், வாயில் கொசு வலை. பூச்சு காய்ந்ததும் டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, சுவரில் கரிக்கோடு போட்டு ஒரு ராத்திரி விட்டார். காலையில் அரை இன்ச் இறங்கியிருந்தது. கொத்தனார் அது சிமென்ட் குடித்தது என்றார். இன்னொரு ராத்திரி விட்டுப் பார்த்து, கோடு அசையாமல் இருந்த பிறகுதான் ஸ்லாப் போட விட்டார்.

வெளியே போகும் நீருக்கு ஆழக் குழி வேண்டாம் என்றார். அந்த இடத்தில் 5 அடியிலேயே பாறை வந்துவிடுகிறது, குழி வெட்டினால் மறுபடி வெடிப்பில்தான் விட்டதாகும். அதற்குப் பதில் இரண்டரை அடி ஆழத்தில் நீள வாக்கில் வாய்க்கால், ஜல்லி, நடுவில் ஓட்டை போட்ட பைப், மேலே மண், ஓரத்தில் வாழை. மேல் மண்ணில்தான் நுண்ணுயிர் அதிகம், அதுதான் வேலை செய்யும்.

பழைய குழிக்கு லாரி வந்தது. தண்ணீரை உறிஞ்சி முடித்ததும், அடியில் இறுகிக் கிடந்ததை எடுக்க ஆள் இறக்கட்டுமா என்று லாரிக்காரர் கேட்டார், என்னவோ மரத்தில் தேங்காய் பறிக்கட்டுமா என்பதுபோல. மேஸ்திரி ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஆள் இறங்கினா நான் இப்பவே கிளம்பறேன்." பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. சட்டம் இருக்கட்டும், அந்த ஆழத்தில் நிற்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்கும் அடுத்த ஆளையும் சேர்த்து. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சினார்கள். அப்புறம் சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடினோம்.

கடைசியாகக் கிணறு. சாம்பல் பூத்த அந்த இடத்தைச் சுரண்டி, மேல் 10 அடிக்குக் கல் இடுக்குகளைக் கலவை வைத்து அடைத்தார்கள். இரண்டு முறை முழுக்க இறைத்தோம். பிளீச்சிங் பவுடர் கணக்கு இப்படி: 12 அடி விட்டம், 20 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 64,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 160 கிராம். முதல் முறை என்பதால் இரண்டு மடங்கு போட்டோம். பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது விட வேண்டும், நாங்கள் ராத்திரி போட்டுக் காலை வரை விட்டோம்.

எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் சொச்சம். அதில் மேஸ்திரியின் கூலி 9,500. முதல் நாள் கேள்வி கேட்டதற்கும் கண்ணாடி பிடித்ததற்கும் அவர் தனியாக எதுவும் வாங்கவில்லை. நான் கொடுத்திருக்க வேண்டும்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுத முடியாது. பொங்கலுக்குப் போனவர் பதினைந்து நாள் ஆளைக் காணோம். போனை எடுத்து "நாளைக்கு" என்று மட்டும் நான்கு முறை சொன்னார். வாய்க்கால் பைப்பை டிராக்டர் திரும்பும் இடத்தில் ஆழம் குறைவாகப் போட்டுவிட்டார், மாசியில் உடைந்தது. ஆனால் வந்து பார்த்ததும், என் தப்புதான் என்று சொல்லி, பைப் காசைக்கூட வாங்காமல் மாற்றிப் போட்டார். போகும்போது ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் கிணறு, டேங்க், சேம்பர், பைப் ஓடும் வழி எல்லாவற்றையும் அடிக் கணக்கோடு வரைந்து, மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிட்டார். "அடுத்த தடவ நான் வராட்டியும் வர்றவன் தெரிஞ்சுக்கட்டும்."

இப்போது

டாய்லெட் குமிழி விடுவது புது டேங்க்கில் இணைத்த அன்றோடு நின்றது. வாடை பிப்ரவரி நடுவில் போனது. குப்பி அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஜனவரி கடைசியில் கறுத்தது, பிப்ரவரியில் கறுத்தது. 26 வருஷம் மண்ணில் ஊறியது ஒரு மாதத்தில் போகுமா என்றார் மேஸ்திரி. மார்ச் இரண்டாம் வாரம் இரண்டு நாள் வைத்தும் நிறம் மாறாமல் இருந்தது. அம்மா அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நைட்ரேட் இன்னும் 60க்குக் கீழே வரவில்லை, அதனால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் மட்டும்தான். குழாய் வராத நாளுக்கு 500 லிட்டர் டேங்க் ஒன்று தனியாக வைத்துவிட்டோம்.

ஏப்ரலில் ஒரு கோடை மழைக்குப் பிறகு குப்பி மறுபடி லேசாகக் கறுத்தது. மேஸ்திரி வந்து கண்ணாடி பிடித்தார். மேற்குச் சுவர் சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தைக் கிழக்குப் பக்கம் திருப்பி, ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிச் சித்தப்பா வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். எங்கள் கிணற்றுக்கும் அவர்கள் டேங்குக்கும் 48 அடி.

சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க டேங்கெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல மேஸ்திரி" என்றார். "கட்டி 20 வருஷமாச்சு, ஒரு தடவகூட நிரம்பல."